எதைவிட, எதில், எந்நிலையில்? இரசாயனப் பாடநூல்களின் ஒப்புமை வாக்கியங்கள்

வினாவின் இயல்பு

இரசாயனப் பாடநூல் ஒன்றின் எந்த அத்தியாயத்தைப் புரட்டினாலும், வரையறைகளுக்கும் சமன்பாடுகளுக்கும் இடையே ஓயாமல் வந்துகொண்டிருப்பது ஒரே அமைப்புடைய வாக்கியமே: சோடியத்தைவிடப் பொட்டாசியம் வினைத்திறன் மிக்கது, அசிட்டிக் அமிலத்தைவிட ஹைட்ரோகுளோரிக் அமிலம் வலிமையானது, வைரத்தைக் காட்டிலும் கிராஃபைட்டு நிலைப்புடையது. இலக்கண நோக்கில் இவற்றில் யாதொரு கடினமும் இல்லை. பள்ளி மாணவனும் முதல் வாசிப்பிலேயே பொருள் கொண்டுவிடுகிறான். ஆனால் இவ்வாக்கியங்கள் உலகத்தைப் பற்றி எதைக் கூறுகின்றன என்று கேட்டால் விடை அவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை. பொருளின் உள்ளியல்பில் உறைந்துள்ள ஒரு தாரதம்மியத்தைக் கூறுகின்றனவா, ஏதோ ஒரு பரிசோதனையில் தோன்றிய முடிவைச் சுருக்கித் தருகின்றனவா, அன்றி ஓர் அளவுகோலில் இரண்டு புள்ளிகளின் இடத்தைக் காட்டுகின்றனவா? பதினெட்டாம் நூற்றாண்டு முதல் இரசாயன அறிஞர்களும், இருபதாம் நூற்றாண்டில் தத்துவ ஆசிரியர்களும் மொழியியலாரும் கல்வி ஆய்வாளரும் இவ்வினாவுக்கு வெவ்வேறு விடைகள் அளித்துள்ளனர். அவ்விடைகள் எங்கே பிறந்தன, எவ்வளவு தூரம் நிற்கின்றன, எங்கே தளர்கின்றன என்பதை வகைப்படுத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இயற்கை வரிசைக் கொள்கை

மிகப் பழமையான விடை, வரிசை இயற்கையிலேயே உள்ளது, நூல் அதைப் படியெடுக்கிறது என்பதாகும். 1718ஆம் ஆண்டில் ழொஃப்ருவா என்ற பிரெஞ்சு இரசாயனர் பாரிஸ் அறிவியற் கழகத்தின் முன் வைத்த நாட்ட அட்டவணை இக்கொள்கையின் முதற் சாசனம் எனலாம். அதில் 16 நிரல்கள் இருந்தன. ஒவ்வொரு நிரலின் தலையிலும் ஒரு பதார்த்தமும், அதன்கீழ் அதனோடு கூடும் பிற பதார்த்தங்கள் நாட்டத்தின் இறங்குமுறையிலும் அமைந்தன. மேலே நிற்பது கீழே நிற்பதை அதன் சேர்க்கையிலிருந்து விலக்கி அவ்விடத்தைப் பற்றிக்கொள்ளும் என்பதே அட்டவணையை வாசிக்கும் விதி. 1775இல் ஸ்வீடன் நாட்டு அறிஞர் பெரிமான் இம்முறையை மிக விரிவாக்கினார். ஆனால் கரைசலில் நிகழ்வதற்கு ஈரவழி என்றும், உயர்ந்த உஷ்ணத்தில் உருக்கி நிகழ்த்துவதற்கு உலர்வழி என்றும் இரண்டு வரிசைகளைத் தனித்தனியே தந்ததன் மூலம், ஒரே இயற்கை வரிசை என்ற எண்ணத்துக்கு அவரே முதல் நிபந்தனையையும் விதித்துவிட்டார்.

அக்கொள்கையை அடிப்படையிலேயே அசைத்தவர் பெர்த்தொலே. நெப்போலியனின் படையெடுப்போடு எகிப்து சென்ற அவர், அங்கே நேட்ரான் ஏரிகளின் கரையில் சோடா உப்பு படிந்திருப்பதைக் கண்டார். சோதனைச் சாலையில் சோடியம் கார்பனேட்டுக் கரைசலோடு கால்சியம் குளோரைடைச் சேர்த்தால் கால்சியம் கார்பனேட்டு வீழ்படிவாகும், சாதாரண உப்பு கரைசலில் தங்கும்; நாட்ட அட்டவணையின் தீர்ப்பும் அதுவே. ஏரியிலோ சுண்ணாம்புக் கல்லும் உப்பும் ஏராளமாகக் கிடந்த காரணத்தால் வினை எதிர்த்திசையில் நடந்து சோடாவை விளைவித்திருந்தது. எந்தப் பதார்த்தம் எதை வெல்லும் என்பது அவற்றின் குணத்தை மட்டுமன்றி, அங்கே இருக்கும் அளவையும் பொறுத்தது என்ற முடிவை 1801இலும் 1803இலும் வெளிவந்த தம் நூல்களில் அவர் நிறுவ முயன்றார். 1864இல் நார்வே நாட்டைச் சேர்ந்த குல்பர்க்கும் வோகேயும் வகுத்த பொருண்மைத்தாக்க விதி அவ்வெண்ணத்துக்குக் கணித வடிவம் அளித்தது.

இத்தனைக்குப் பின்னும் இயற்கை வரிசைக் கொள்கை பாடநூல்களை விட்டு நீங்கவில்லை. நீங்காததற்குத் தக்க காரணமும் உண்டு. நீல நிறமான காப்பர் சல்பேட்டுக் கரைசலில் ஒரு துத்தநாகத் தகட்டை நிறுத்தினால் சிறிது நேரத்தில் நீலம் வெளிறுகிறது, தகட்டின்மேல் செம்பு செந்நிறப் படலமாகப் படிகிறது. துத்தநாக சல்பேட்டுக் கரைசலில் செம்புத் தகட்டை எத்தனை நாள் வைத்திருந்தாலும் ஒன்றும் நிகழ்வதில்லை. இத்தகைய ஜோடிகளில் நிபந்தனைகளைச் சற்று மாற்றினாலும் தீர்ப்பு மாறுவதில்லையாதலால், தொடக்க மாணவனுக்கு உலோகங்களின் வினைத்திறன் வரிசை நம்பத்தக்க வழிகாட்டியாகவே அமைகிறது. வரிசையில் அடுத்தடுத்து நிற்கும் பதார்த்தங்களை ஒப்பிடும்போதுதான் அதன் பலவீனம் வெளிப்படுகிறது.

சோதனையே பொருள் என்ற கொள்கை

இரண்டாவது விடை, ஒப்புமைச் சொல்லுக்குச் சோதனையைத் தவிர வேறு பொருள் இல்லை என்கிறது. இதன் உரம் அமிலங்களைப் பற்றிய ஆராய்ச்சியிலிருந்து வந்தது. 1880களில் ஆஸ்ட்வால்ட், மெத்தில் அசிட்டேட்டு நீராற்பகுக்கப்படும் வேகம், கரும்புச் சர்க்கரை பிளவுபடும் வேகம் முதலிய பல வழிகளால் அமிலங்களை வரிசைப்படுத்தி, அவ்வரிசைகள் தம்முள் ஒத்திருப்பதையும், அர்ரீனியஸ் ஆராய்ந்த மின்கடத்து திறனோடும் இயைவதையும் கண்டார். பல வழிகளும் ஒரே வரிசையைத் தரும்போது, எந்த வழியால் அளந்தோம் என்பதைக் கூறாமல் ‘வலிமையான அமிலம்’ என்று மட்டும் சொல்வது நியாயமான சுருக்கமாகிறது. இன்றைய பாடநூல்கள் சோதனையின் பெயரின்றி வலிமையைப் பேசுவது அந்த ஒற்றுமை ஈட்டித் தந்த உரிமையால் எனல் பொருந்தும்.

ஆனால் அவ்வுரிமைக்கு எல்லை உண்டு என்பதும் விரைவில் புலனாயிற்று. நீரில் ஹைட்ரோகுளோரிக், ஹைட்ரோபுரோமிக், பெர்குளோரிக் அமிலங்கள் யாவும் தம் புரோட்டானை நீருக்குக் கொடுத்துவிடுவதால் சமவலிமை உடையனபோல் தோன்றுகின்றன. நீரற்ற அசிட்டிக் அமிலத்தில் கரைத்தாலோ அவற்றிடையே உள்ள ஏற்றத்தாழ்வு வெளிப்படுகிறது. 1927இல் ஹாலும் கோனன்ட்டும் அக்கரைப்பானில் செய்த ஆய்வுகளும், அவற்றுக்கு முன் 1923இல் பிரான்ஸ்டெட்டும் லௌரியும் தனித்தனியே வெளியிட்ட கொள்கையும், அமில வலிமை என்பது ஓர் அமிலத்துக்கும் ஒரு கரைப்பானுக்கும் இடையே நிகழும் உறவு என்ற தெளிவைத் தந்தன.

கரைப்பானை முற்றிலும் நீக்கிவிட்டால் வரிசை தலைகீழாவதும் உண்டு. நீரில் அமீன்களின் காரத்தன்மையை அவற்றின் இணை அமிலங்களின் பி.கே.ஏ. மதிப்பால் அளந்தால் அம்மோனியாவுக்கு 9.25, மெத்திலமீனுக்கு 10.66, டைமெத்திலமீனுக்கு 10.73, டிரைமெத்திலமீனுக்கு 9.80 எனக் கிடைக்கிறது. மெத்தில் தொகுதி கூடக் கூடக் காரத்தன்மை உயர்ந்து, மூன்றாவதில் திடீரெனச் சரிகிறது. வாயு நிலையிலோ இச்சரிவு இல்லை. மெத்தில் தொகுதிகளின் எண்ணிக்கைக்கேற்பக் காரத்தன்மை ஒழுங்காக ஏறிச்செல்கிறது. 1968இல் பிரௌமனும் பிளேரும் ஆல்கஹால்களின் அமிலத்தன்மையை வாயு நிலையில் ஆராய்ந்தபோது, கரைசலில் அறியப்பட்ட வரிசை அங்கே எதிராகத் திரும்பியிருக்கக் கண்டனர். எது எதைவிட வலிமையானது என்ற வினாவுக்கு, எங்கே என்ற வினா விடையிறுக்கப்படாதவரை, உறுதியான பதில் இல்லை.

இக்கொள்கையைச் சர்வதேச அளவில் நிலைநாட்டியது தூய, பயனுறு இரசாயனத்தின் பன்னாட்டு ஒன்றியம் 1994இல் இயற்பிய கரிம இரசாயனத்துக்கென வெளியிட்ட கலைச்சொல் விளக்கம். நிலைப்பு என்பது வெப்ப இயக்கவியலைச் சார்ந்தது, திட்ட கிப்ஸ் ஆற்றல்களின் ஒப்பீட்டால் அளக்கப்படுவது. வினைத்திறன் என்பது வேகத்தைச் சார்ந்தது, குறிப்பிட்ட வினையின் வேக மாறிலியால் அளக்கப்படுவது. ஒன்றை மற்றொன்றின் பரியாயமாக வழங்கலாகாது. இரண்டும் வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ குறிக்கப்பட்ட ஒப்பீட்டுப் பொருளும் நிபந்தனையும் இல்லாதபோது பொருளற்றவை என்பது அவ்விளக்கத்தின் சாரம்.

இவ்வேறுபாட்டைக் காட்ட லித்தியத்தைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. திட்ட மின்முனை அழுத்தத்தின்படி நீர்க்கரைசலில் லித்தியம் −3.04 வோல்ட்டும், பொட்டாசியம் −2.93 வோல்ட்டும், சோடியம் −2.71 வோல்ட்டும் பெறுவதால், லித்தியமே அம்மூன்றனுள் வலிய ஒடுக்கி. ஆயினும் நீரில் இட்டால் லித்தியம் அமைதியாகக் குமிழிட்டுக் கரைகிறது; சோடியம் உருகி உருண்டையாகி நீர்ப்பரப்பில் ஓடுகிறது; பொட்டாசியமோ ஊதாச் சுடருடன் தீப்பற்றிக்கொள்கிறது. லித்தியம் 180 பாகை செல்சியஸ் வரை உருகாததும், மற்ற இரண்டும் முறையே 98, 63 பாகைகளிலேயே உருகிப் புதுப் பரப்பை நீருக்குக் காட்டுவதும் இதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. ஒரே பக்கத்தில் ‘லித்தியம் மிக வலிய ஒடுக்கி’ என்றும் ‘லித்தியம் குறைந்த வினைத்திறன் உடையது’ என்றும் வாசிக்கும் மாணவன் முரண்பாட்டைக் காண்பானாயின், குறை அவனுடையதன்று. முதல் வாக்கியம் சமநிலையையும் இரண்டாவது வேகத்தையும் பேசுகின்றன என்ற செய்தி வாக்கியங்களுக்கு வெளியே நின்றுவிட்டது.

இக்கொள்கையின் பலவீனம் அதன் கண்டிப்பிலேயே உள்ளது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கரைப்பான், உஷ்ணம், செறிவு, சோதனை ஆகிய அனைத்தையும் அடைமொழியாகச் சேர்த்தால் நூல் பட்டியலாகிவிடும். பல சோதனைகளுக்கும் பொதுவான ஒரு குணத்தைக் கண்டு பெயரிடுவதே விஞ்ஞானத்தின் வேலை எனில், சோதனைக்கொரு பொருள் என்பது அவ்வேலையையே மறுப்பதாகும்.

அளவுகோல் வழியான விடை

மூன்றாவது விடை, ஒப்புமைச் சொல் முதிர்ந்த அளவீட்டின் முன்நிலை என்பதாகும். 1950இல் வெளிவந்த தம் நிகழ்தகவு நூலில் கார்னப், விஞ்ஞானக் கருத்துகளை வகைப்படுத்துவன, ஒப்பிடுவன, அளவிடுவன என மூன்றாகப் பகுத்து, சூடானது என்பதிலிருந்து அதைவிடச் சூடானது என்பதற்கும், அங்கிருந்து உஷ்ண அளவுக்கும் செல்லும் வழியை விளக்கினார். 1946இல் ஸ்டீவன்ஸ் அளவுகோல்களைப் பெயர், வரிசை, இடைவெளி, விகிதம் என நான்காகப் பிரித்ததும் இதற்குத் துணையாகிறது. எந்த அளவுகோலில் நிற்கிறோம் என்பதே, அங்கே எந்த ஒப்புமையைச் சொல்லலாம் என்பதைத் தீர்மானிக்கிறது.

மோஸின் கடினத்தன்மை அளவுகோல் வெறும் வரிசை அளவுகோல். அதில் 9ஆம் இடத்தில் குருந்தமும் 10ஆம் இடத்தில் வைரமும் நிற்கின்றன. குருந்தத்தை வைரம் கீறும் என்பது மட்டுமே அதனால் பெறப்படுகிறது, இரண்டினிடையே உள்ள கடின வேறுபாடு வேறு எந்த இரண்டு அடுத்த இடங்களிடையே உள்ளதற்கும் சமம் என்பது பெறப்படுவதில்லை. செல்சியஸ் அளவு இடைவெளி அளவுகோலாதலால், 20 பாகையிலுள்ள நீரைவிட 40 பாகையிலுள்ள நீர் இருமடங்கு சூடானது என்பது பிழை. கெல்வின் அளவில் அவை 293உம் 313உம் ஆக, வேறுபாடு ஏறத்தாழ நூற்றுக்கு ஏழே. பி.எச். மடக்கை அளவுகோலாதலால், 6 என்னும் மதிப்பைவிட 3 என்னும் மதிப்பு இருமடங்கு அமிலத்தன்மையைக் குறிப்பதில்லை. ஏறத்தாழ ஆயிரம் மடங்கைக் குறிக்கிறது. அதுமட்டுமன்றி எண் குறையக் குறையக் குணம் கூடுகிறது.

எண் கிடைத்துவிட்டால் தாரதம்மியம் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கைதான் இவ்விடையின் பலம். அந்த நம்பிக்கை எப்போதும் நிறைவேறுவதில்லை என்பது அதன் பலவீனம். எலெக்ட்ரான் கவர்திறனை 1932இல் பாலிங் பிணைப்பு ஆற்றல்களிலிருந்தும், 1934இல் மல்லிக்கன் அயனியாக்கும் ஆற்றல், எலெக்ட்ரான் நாட்டம் ஆகியவற்றின் சராசரியிலிருந்தும், 1958இல் ஆல்ரெட்டும் ரோக்கோவும் அணுக்கருவின் ஈர்ப்பு விசையிலிருந்தும் பெற்றனர். பாலிங் அளவுகோலின் திருத்திய மதிப்புகளில் குளோரின் 3.16, நைட்ரஜன் 3.04, ஆல்ரெட், ரோக்கோ அளவுகோலில் நைட்ரஜன் 3.07, குளோரின் 2.83. எவ்வணு எதைவிட மிகுதியாக எலெக்ட்ரானைக் கவரும் என்பதற்கு இரண்டு எண்கள், இரண்டு தீர்ப்புகள். அளவுகோலின் வரையறையிலேயே ஒரு சோதனைத் தேர்வு அடங்கியிருப்பதால், எண் வினாவை ஒழிப்பதில்லை. அதை இன்னொரு இடத்துக்கு மாற்றிவைக்கிறது.

மாணவர் வாசிக்கும் விதம்

நான்காவது தரப்பினர், வாக்கியத்தின் பொருளை நூலில் தேடாமல், வாசிப்பவனின் மனத்தில் தேடுகின்றனர். இஸ்ரேலைச் சேர்ந்த ஸ்டாவியும் திரோஷும், இது மிகின் அதுவும் மிகும் என்ற உள்ளுணர்வு விதி பல பாடங்களிலும் மாணவரின் தீர்ப்பை இயக்குவதாக வாதிட்டு, 2000இல் நூலாக வெளியிட்டனர். 2010இல் மேயரும் தலான்கரும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களைக் கொண்டு, பதார்த்தங்களை ஒரு குணத்தின் அடிப்படையில் வரிசைப்படுத்துங்கால், அவர்களுள் பலர் பல காரணங்களை எடைபோடாமல் ஏதேனும் ஒரே அடையாளத்தைப் பற்றிக்கொண்டு முடிவு செய்வதை விவரித்தனர்.

இங்கிலாந்தில் டேபர் முன்வைத்த வினா இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. சோடியம் அணு, அதிலிருந்து ஓர் எலெக்ட்ரான் நீங்கிய நேரயனி, அவ்வணுவோடு ஏழு எலெக்ட்ரான்கள் சேர்ந்ததாகக் கற்பனை செய்த எதிரயனி ஆகிய மூன்றனுள் எது நிலைப்புடையது என்று கேட்டபோது, வெளிக்கூட்டில் எட்டு எலெக்ட்ரான் நிரம்பியிருப்பதை மட்டும் கருதி, ஏழு எதிர்மின்னூட்டம் சுமந்த அந்த இயலாத அயனியையும் நடுநிலை அணுவைவிட நிலைப்புடையதாகப் பலர் கொண்டனர். எதைக் குறித்து, எந்த மாற்றத்துக்கு எதிராக நிலைப்பு என்று கேளாமல் ‘நிலைப்புடையது’ என்பதை ஒரு பட்டமாகக் கற்றதன் விளைவு அது என்று கருத இடமுண்டு.

வலிமைக்கும் செறிவுக்கும் இடையே தோன்றும் குழப்பமும் இத்தகையதே. லிட்டருக்கு 0.001 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உள்ள கரைசலின் பி.எச். 3, லிட்டருக்கு 1 மோல் அசிட்டிக் அமிலம் உள்ள கரைசலின் பி.எச். ஏறத்தாழ 2.4. வலிமையற்ற அமிலத்தின் கரைசலே இங்கே அமிலத்தன்மை மிக்கது. ஹைட்ரோஃபுளூரிக் அமிலமோ 3.2 என்னும் பி.கே.ஏ. மதிப்பால் வலுக்குறைந்த அமில வகுப்பில் அடங்குவது. எனினும் கண்ணாடியை அரிப்பதால் அதைக் கண்ணாடிக் குப்பியில் வைக்க முடியாது, தோலின் வழியே புகுந்து உடலின் கால்சியத்தைப் பற்றிக்கொள்வதால் பேரபாயம் விளைவிப்பது. வலுக்குறைவு என்ற சொல்லை ஆபத்துக் குறைவு என்று வாசிப்பவனுக்கு நேரக்கூடிய தீங்கு தேர்வுத்தாளோடு முடிவதன்று.

இத்தரப்பின் பலவீனம், மாணவன் தவறியதற்குக் காரணம் மொழியா, கருத்துக் குறைவா, அன்றி வினா அமைந்த விதமா என்று பிரித்துணர்வது அரிது என்பதே. பிரிட்டனில் காசல்ஸும் ஜான்ஸ்டனும் 1980களில் நடத்திய ஆய்வுகள், கலைச்சொற்களைவிட அன்றாடச் சொற்களே பல சமயங்களில் மாணவரை வழிதவறச் செய்கின்றன எனக் காட்டியது மொழியின் பங்கை வலியுறுத்துகிறது. ஆயினும் சொல்லைத் திருத்தினால் கருத்தும் தானே திருந்திவிடும் என்று அதிலிருந்து முடிவு கட்டலாகாது.

மொழியின் பங்கு

மொழியியலார் இவ்வினாவை மற்றொரு திசையிலிருந்து அணுகினர். அளத்தலுக்கும் எண்ணுதலுக்கும் முன்பே மனிதன் தரப்படுத்தத் தொடங்கிவிடுகிறான் என்று சபீரின் 1944ஆம் ஆண்டுக் கட்டுரை கூறுகிறது. 1976இல் கிரெஸ்வெல், ஒப்புமைச் சொல் ஒவ்வொன்றும் ஒரு குணத்தின் படிநிலைகளைக் குறிப்பிட்டு அவற்றுள் இரண்டை உறவுபடுத்துகிறது என்று அதன் பொருளமைப்பை விளக்கினார். இவ்விளக்கத்தின்படி ஒப்புமை வாக்கியத்தில் எப்போதும் இரண்டு பொருள்களோடு ஒரு படிநிலை வரிசையும் உடனிருக்கிறது; பாடநூல் வாக்கியத்தில் சொல்லப்படாமல் நிற்பது பெரும்பாலும் அம்மூன்றாவது உறுப்பே.

தமிழில் இதற்கு ஒரு தனி இயல்பு உண்டு. பழைய இலக்கணத்தார் ஐந்தாம் வேற்றுமையின் பொருள்களுள் ஒன்றாகப் பொருவுதலை வைத்து, உரையாசிரியர்கள் அதனை உவமப்பொரு என்றும் உறழ்பொரு என்றும் பிரித்தனர். ஒப்பிடப்படும் எல்லையே வேற்றுமை உருபையோ ‘விட’, ‘காட்டிலும்’ என்ற சொல்லையோ ஏற்கிறது. குணத்தைக் குறிக்கும் சொல் வடிவம் மாறுவதில்லை. ஆகவே எல்லைப் பொருளை விடுத்து ‘வலிமை மிக்க அமிலம்’ என்று எழுதும்போது, அது ஒரு வகுப்பைச் சுட்டுகிறதா, முன்னே கூறிய ஒன்றோடு ஒப்பிடுகிறதா என்பது வாக்கியத்தால் மட்டும் தெளிவாவதில்லை. ‘ஒப்பீட்டளவில்’ என்ற சொல்லைச் சேர்ப்பதாலும், எதனோடு ஒப்பிட்டு என்பது புலப்படுவதில்லை. எல்லையைக் கூறுவதைத் தமிழ் நடை எளிதாக்கியிருக்க, அதைக் கூறாமல் விடுவது பிறமொழி மூலத்தின் சுருக்கத்தை அப்படியே ஏற்பதால் நேர்வதாக இருக்கலாம்.

மதிப்பீடு

இந்நான்கு தரப்புகளும் ஒன்றையொன்று முற்றிலும் மறுப்பனவாகத் தோன்றினும், அவற்றின் சரித்திரத்தைத் தொடர்ந்து நோக்கினால் ஒரு பொதுமை தென்படுகிறது. பெரிமானின் ஈரவழி, உலர்வழிப் பிரிவிலிருந்து, அமீன்களின் வாயுநிலை வரிசைவரை, எது எதைவிட மேல் என்ற தகராறுகள் பலவும் ஒரு கட்சியின் வரிசை சரி, மற்றதன் வரிசை தவறு என்று முடிந்ததைவிட, அதுவரை வெளியிடப்படாதிருந்த ஒரு நிபந்தனை வெளியிடப்பட்டதால் தணிந்தனவாகவே காணப்படுகின்றன. இந்நோக்கில் ஒப்புமை வாக்கியத்தை, துல்லியமான எண்ணுக்கு வழிவிட்டு ஒதுங்க வேண்டிய பண்படாத வடிவமாகக் கருதுவதைக் காட்டிலும், ஒரு சோதனையும் அதன் சூழலும் அடங்கிய நெடிய கூற்றின் சுருக்கமாகக் கருதுவதே பொருந்தும் எனத் தோன்றுகிறது. வேறுபட்ட சோதனைகள் ஒரே தீர்ப்பைத் தரும் இடத்தில் அச்சுருக்கம் பாதுகாப்பானது. துத்தநாகமும் செம்பும் அத்தகைய ஜோடி. தீர்ப்புகள் பிரியும் இடத்தில், லித்தியத்தைப் போல, நைட்ரஜன் குளோரின் ஜோடியைப் போல, அதே சுருக்கம் வாசகனைத் திசைதிருப்பும்.

ஆயினும் இதனால் வினா முடிந்துவிடவில்லை. எந்த நிபந்தனையை வெளியிட வேண்டும், எதை மாணவன் தானே ஊகித்துக்கொள்வான் என்று நம்பலாம் என்பதற்குப் பொது விதி எதுவும் இதுவரை ஏற்கப்படவில்லை. அது வகுப்பின் நிலையைப் பொறுத்து மாறக்கூடும். ‘தொகுதியில் கீழே செல்லச் செல்லக் குறைகிறது’ என்பன போன்ற தொடர்ப்போக்கு வாக்கியங்கள், இருபொருள் ஒப்புமைகளின் தொகுப்பா, விதிவிலக்கை ஏற்கும் தனிவகைக் கூற்றா என்பதும் தீர்மானிக்கப்பட வேண்டியதே. ஒரு வரிசையில் இடமிருந்து வலம் செல்ல அயனியாக்கும் ஆற்றல் கூடும் என்று பயின்ற மாணவன், நைட்ரஜனுக்கு மோலுக்கு 1402 கிலோஜூலும் அடுத்த ஆக்சிஜனுக்கு 1314 கிலோஜூலும் எனக் காணும்போது விதி பொய்த்ததா, தன் வாசிப்புப் பொய்த்ததா என அறியாமல் நிற்கிறான். எல்லையும் சோதனையும் சூழலும் வெளிப்படையாக எழுதப்பட்ட நூல்கள் மெய்யாகவே தெளிந்த அறிவைத் தருமா, அன்றி வாக்கியத்தின் நீளத்தால் புதிய தடையை உண்டாக்குமா என்பது, கருத்தையும் மொழியையும் தனித்தனியே பிரித்துச் சோதிக்கும் ஆய்வுகளால்தான் அறியப்பட வேண்டும். அதுவரை, தீர்ப்புகள் பிரியும் இடங்களிலாவது எதைவிட, எதில், எந்நிலையில் என்ற மூன்றையும் எழுதிவிடுவது நூலாசிரியருக்குக் குறைந்த செலவில் கிடைக்கும் பாதுகாப்பு என்ற அளவோடு நிற்பதே தற்போதுள்ள சான்றுகளுக்கு ஏற்றது.